ஹாஷிம் ஹாஜியாரின் முதல் ஆணி

கைராசிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் யாராவது அத்திவாரம் வெட்டினால், கிணறு தோண்டினால், புதுக் கடைக்குக் கதவு மாட்டினால், கன்று போட்ட மாட்டில் முதல் பால் கறந்தால், அங்கே வெள்ளைச் சேர்ட்டின் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, வேலை செய்ய வந்தவர்களைவிட வேலைக்குத் தயாரானவர் போல ஒருவர் நிற்பார். அவர்தான். முதல் மண்ணை அவர் அள்ளுவார். முதல் கல்லை அவர் வைப்பார். இரண்டாவது கல்லை வைக்கும்போது பார்த்தால் ஆள் இருக்க மாட்டார்.

தொடங்குவது அவருடைய தொழில். முடிப்பது மற்றவர்களுடைய தலைவலி.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போனவன். அதிலும் பாதி நாள் மாஸ்டருடைய மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றியதுதான் படிப்பு. பிறகு பல்லேபொலச் சந்தையில் ஒரு சாக்கை விரித்து, ஆணிகளைக் கொட்டி, அளவு அளவாகப் பிரித்து விற்றேன். இன்றைக்குச் சந்தியில் இரண்டு மாடியாக நிற்கிற நுஹ்மான் ஹாட்வெயார் என்னுடையது. அதன் முதல் கல்லை நானே வைத்தேன், கடைசிக் கல்லையும் நானே வைத்தேன். நடுவில் உள்ளதையெல்லாம் மேசன் பாஸ் வைத்தார். ஆகவே இந்த வட்டாரத்தில் எந்த ஆணி எங்கே நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று என்னைவிடத் தெரிந்த மனிதன் இல்லை. இருந்தால் வரட்டும்.

எங்கள் ஊரின் கைராசிக்காரர் ஹாஷிம் ஹாஜியார். நல்ல மனிதர். ஒருவரிடமும் போய், "என்னைக் கூப்பிடுங்கள்" என்று அவர் கேட்டதே இல்லை. வேலை தொடங்கப் போகிற வீட்டுக்கு முன்னால் மெதுவாக நடந்து போவார். திரும்பி வருவார். பிறகு செருப்பில் ஏதோ குத்தியது போல வாசலில் நின்று செருப்பைக் கழற்றிப் பார்ப்பார். அப்போதும் கூப்பிடாவிட்டால், "நல்லா ஈக்கி... ம்... நல்லா ஈக்கட்டும்" என்று இழுத்துச் சொல்லிவிட்டுப் போவார். அந்த 'ம்' இருக்கிறதே, அதைக் கேட்ட வீட்டுக்காரன் அன்றிரவு தூங்க மாட்டான். விடிந்ததும் ஹாஜியார் வீட்டுக் கதவைத் தட்டுவான்.

அவர் தொட்டது நன்றாக வந்தால் அது அவர் கை. சரி, கெட்டுப் போனால்? றஹீமின் பேக்கரியில் முதல் பாணை இவர்தான் போறணை அடுப்புக்குள் வைத்தார். நோன்புப் பெருநாள் வருவதற்குள் பேக்கரியை மூடிவிட்டார்கள். இவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நான் வெச்ச பாண் நல்லாத்தானே பொங்கி வந்திச்சி? அதுக்குப் பொறகு கை மாறிட்டு" என்றார். றஹீமும் யோசித்துப் பார்த்துவிட்டு, "அது சரிதான்" என்றான். இந்த இனத்தின் பலமே அதுதான். அவர்கள் சொல்வதை மறுக்க முடியாது, ஏனென்றால் முதல் பாண் உண்மையிலேயே நன்றாகத்தான் வந்தது.

இப்போது நிஹ்லாவின் கதைக்கு வருகிறேன்.

நிஹ்லா என் கடைக்குப் பின்னால் உள்ள தோட்டத்துக்காரி. புருஷன் இப்ஹாம் கட்டாரில். போன வருஷம் திறந்த வெளியில் தக்காளி போட்டாள். ஐப்பசி மழை அடித்து எல்லாம் அழுகிப் போனது. இப்ஹாம் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ போட்டுப் பாரு. அதுவும் போனா காணியக் குத்தகைக்குக் குடுத்துட்டு சும்மா வீட்டுல இரி."

சும்மா வீட்டில் இருப்பதற்கு நிஹ்லாவைப் போல் பொருத்தமில்லாத பெண்ணை நான் பார்த்ததில்லை. இந்த முறை மழைக்குப் பொலித்தீன் கூடு கட்ட, என்னிடம் குழாய் வாங்கிப் போய், பலாமரத்து அடிக்கட்டையில் முட்டுக்கொடுத்துத் தானே வளைத்தாள். வளைந்த குழாய்களை வரிசையாக நட்டு, இரண்டு பக்கத்திலும் நீளத்துக்கு மரச் சட்டம் பொருத்தி, பொலித்தீன் கிழியாமல் இருக்கக் குழாயின் மூட்டுக்கு மூட்டு பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினாள். பார்க்க ஒரு பெரிய மாட்டின் விலா எலும்பு போல இருந்தது. அதற்குள் பை பையாகக் கறி மிளகாய்க் கன்றுகள், பூ வைக்கிற பருவம். மிச்சம் இருந்தது மேலே பொலித்தீன் போடுவது மட்டும்தான்.

மட்டும்தான் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். பொலித்தீன் போடுவது படுக்கைக்குச் சீலை விரிப்பது போல அல்ல. ஓரத்தை ஒரு ரீப்பையில், அதுதான் கூரைக்கு அடிக்கிற அந்த மெல்லிய சட்டத்தில், இறுக்கிச் சுற்றி ஒரு பக்கத்து மரச் சட்டத்தில் அறைய வேண்டும். பிறகு மறு ஓரத்தில் கயிறு கட்டி, கயிற்றை மேலால் எறிந்து, அந்தப் பக்கத்தில் ஆட்கள் நின்று ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். வெயிலில் பொலித்தீன் இளகியிருக்கும்போது, காற்றே இல்லாத நேரத்தில் இதைச் செய்ய வேண்டும். காற்று வந்தால் அது பொலித்தீன் அல்ல, கப்பல் பாய். ஐப்பசி மாதத்தில் எங்கள் பக்கம் முற்பகல் அடுப்பு மாதிரி இருக்கும். பிற்பகல் மழை இடித்துக்கொண்டு வரும். ஆகவே நேரம் என்பது முற்பகல்தான். நிஹ்லாவிடம் இருந்த பொலித்தீனும் ஒன்றுதான். கிழிந்தால் வேறு இல்லை.

அன்று காலை நானும் போனேன். என் கடையில் வாங்கிய சாமானை மற்றவர்கள் கெடுப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நிஹ்லாவின் நானா, அதாவது அண்ணன், அன்ஸாப் சிநேகிதர்கள் சிலரோடு நின்றான். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒஸ்வல்ட் வந்திருந்தான். பொலித்தீன் புல்லில் விரித்துக் கிடந்தது. வெயில் ஏறிவிட்டது. ஒருவரும் குனியவில்லை.

"நானா, எனத்த பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் நிஹ்லா.

"ஹாஜியார் வரணுமே" என்றான் அன்ஸாப்.

"எப்ப வாரண்டு சென்னார்?"

"வாரண்டு சென்னார்."

"எப்பண்டுதானே கேட்டேன்?"

"அவர்ட்டப் போய் மணி கேக்கிறதா?"

"அப்ப நாங்க தொடங்குவம். வந்தா வந்து பாத்துக்கட்டும்."

அன்ஸாப் சூடு பட்டவன் போலப் பின்னால் போனான். "நீ சும்மா இரி. போன வருசம் தக்காளி அழுகினப்ப ஊரே எனத்த சென்ன? ஹாஜியார்ட கை படல்லண்டு சென்ன. இந்த முறயும் போனா மச்சான் காணியக் குடுக்கச் செல்லுவார். நான் அவசரப்பட்டதாலதான்டு பழி வரும். எனக்கு ஏலா."

"தக்காளி மழையில அழுகின நானா."

"மழய அனுப்பின யாரு?"

"ஹாஜியாரா?"

ஆட்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்தபடியே எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நிஹ்லா ஒஸ்வல்ட்டைப் பார்த்தாள். அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், அவனாவது துணிவான் என்று நினைத்தாள் போல.

"நம்மளால முடியாது தங்கச்சி" என்றான் ஒஸ்வல்ட். "எங்க மாட்டுக் கொட்டிலுக்கே அவரத்தான் கூட்டிக்கிட்டுப் போய் மொத மூங்கில நட்டேன்."

"கொட்டில் எப்படி ஈக்கி?"

"கொட்டில் சாஞ்சிருச்சுங்க. மாடு நல்லா இருக்கு."

கடைசியில் அன்ஸாப் ஹாஜியாருக்குப் போன் எடுத்தான். அவர் அலுவிகாரை ஊரில் நளீமுடைய மகளின் கலியாண வீட்டில் இருந்தார். புரியாணி அடுப்புக்கு முதல் நெருப்பு வைத்தவர் அவர். நெருப்பு வைத்தவர் சாப்பிடாமல் வருவது எப்படி? ஆனால் ஹாஜியார் கல்மனசுக்காரர் அல்ல. "கை எங்க இருந்தாலும் கைதானே மகன்? ரீப்பைய இங்க கொண்டு வாங்க. இங்கேயே ஆணிய வெச்சித் தாறேன்" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. அது நல்ல வழி என்றுதான் எல்லாருக்கும் பட்டது. நானும் அன்ஸாபும் ரீப்பையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு திரீவீலில் ஏறினோம். நிஹ்லா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கலியாண வீட்டில் ஹாஜியாருக்கு எவ்வளவு மரியாதை என்று போன பிறகுதான் தெரிந்தது. பந்தலுக்குள் இடம் ஒதுக்கினார்கள். பொடியன்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு வாங்கில், நீள மரப் பெஞ்சில், உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எழுப்பி, ரீப்பையை அந்த வாங்கின்மேல் வைத்தார்கள். ஹாஜியார் ஏற்கெனவே மடித்திருந்த கையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "பிஸ்மில்லாஹ்" என்று ஓங்கி அடித்தார். நல்ல அடி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் கொடுத்தது இரண்டரை அங்குல ஆணி. ரீப்பையின் கனம் ஓர் அங்குலம். மிச்சம் எங்கே போகும்? மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான்.

அன்ஸாப் ரீப்பையைத் தூக்கினான். வாங்கும் எழும்பியது.

"ஹாஜியார், ஆணி இறங்கிட்டு" என்றான் மெதுவாக.

"இறங்கத்தானே அடிக்கிற?"

"வாங்குல இறங்கிட்டு."

ஹாஜியார் குனிந்து பார்த்தார். நான் சுத்தியலின் பின்பக்கத்தை ஆணித் தலைக்குக் கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "நுஹ்மான், எனத்த செய்யப் போற? நான் வெச்ச முதல் ஆணிய இண்டு வரைக்கும் ஒருத்தரும் கழட்டினதில்ல."

"கழட்டாம எப்படிக் கொண்டு போற?" என்றேன்.

"அப்படியே கொண்டு போங்க."

பெண்ணின் வாப்பா நளீம், "அப்ப என்ட வாங்கு?" என்று கேட்டார்.

"வாங்கு பெருசா நளீம்? ஒரு பொம்புளப்புள்ளட தோட்டம். மகள்ட கலியாணத்தண்டைக்குக் குடுத்தா பரக்கத்து."

கலியாண வீட்டில் எல்லார் முன்னாலும் இல்லை என்று சொல்ல நளீமுக்கு வாய் வரவில்லை. வாங்கைத் திரீவீலுக்குள் குறுக்காக ஏற்றினார்கள். அலுவிகாரையிலிருந்து பல்லேபொலவரை வாங்கின் கால்கள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தன. வாங்குக்குக் கீழே மடங்கிக்கொண்டு நான் வந்தேன். இரண்டு மாடிக் கடையின் முதலாளி. வழியில் சலாம் சொன்னவர்களுக்குக் கால்களின் இடையால் பதில் சொன்னேன்.

தோட்டத்துக்கு வந்தபோது வெயில் போய்விட்டது. வடக்கே மலை தெரியவில்லை. நிஹ்லா வாங்கைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"நானா, ஆணி அடிச்சி வரச் சென்னா வீட்டுச் சாமான் கொண்டு வந்தீக்கி?"

அன்ஸாப் விளக்கினான். முழுவதையும் அமைதியாகக் கேட்டாள். அதற்குள் ஆண்கள் எல்லாரும் வாங்கைச் சுற்றி நின்று ஆலோசனை தொடங்கிவிட்டார்கள். ரீப்பை மரச் சட்டத்தில் படுகிற மாதிரி வாங்கைப் பக்கவாட்டில் சாய்த்துக் கட்டலாம் என்றான் ஒருத்தன். அப்படிக் கட்டினால் வாங்கு வெளிப்பக்கம் தொங்குமே என்றான் இன்னொருத்தன். தொங்கினால் என்ன, காய் பறித்த களைப்புக்கு உட்காரலாம் என்றான் ஒஸ்வல்ட். அன்ஸாப் கயிறு எடுத்து அளந்தான். யாரும் பகிடிக்குச் சொல்லவில்லை. நானும், என் வாயால் சொல்கிறேன், வாங்கின் காலுக்குக் கல் முட்டுக் கொடுத்தால் பாரம் தாங்கும் என்று சொன்னேன். சரியான யோசனைதான், தாங்கியிருக்கும்.

இடி இடித்தது. முதல் காற்று வந்து புல்லில் கிடந்த பொலித்தீனின் மூலையைத் தூக்கியது. நிஹ்லா ஓடிப்போய் அதன்மேல் நின்றாள். மறு மூலை எழும்பியது. கூட்டுக்குள் மிளகாய்க் கன்றுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்தன.

அவள் மூலைக்குக் கல்லை வைத்தாள். வாங்குக்கு வந்தாள். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் திருப்பிப் பிடித்து, ஆணித் தலைக்குக் கீழே கொடுத்து, ஒரு காலை வாங்கில் ஊன்றி இழுத்தாள். ஆணி கீச்சென்று ஒரு சத்தம் போட்டு வெளியே வந்தது.

ஆண்கள் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"அல்லாஹ்! எனத்த வேல செஞ்ச?" என்றான் அன்ஸாப்.

"கன்று என்ட. காணி என்ட. போனா பழியும் என்ட" என்றாள் நிஹ்லா. "நிஹ்லாதான் கழட்டினாண்டு கட்டாருக்கே போன் எடுத்துச் செல்லுங்க. இப்ப பிடிக்கிறீங்களா, இல்லயா?"

அப்போது நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையிலிருந்து பின்னால் கட்டியிருந்த கைகள் எல்லாம் ஒரே நொடியில் முன்னால் வந்தன. இவ்வளவு நேரமும் அவர்கள் ராசிக்கா காத்திருந்தார்கள்? இல்லை. நாளைக்கு ஏதாவது கெட்டுப் போனால் யாரைச் சொல்வது என்று தெரியாமல் காத்திருந்தார்கள். பழிக்கு ஓர் ஆள் அகப்பட்டதும் எல்லாருக்கும் பலம் வந்துவிட்டது. ஒஸ்வல்ட் கயிற்றை எறிந்தான். அன்ஸாப் மறு பக்கம் ஓடினான். நிஹ்லா ரீப்பையில் பொலித்தீனைச் சுற்றி, வளைந்த அந்த ஆணியையே நிமிர்த்தி முதல் அடி அடித்தாள்.

"இழுங்க!"

இழுத்தோம். பாதியில் காற்று உள்ளே புகுந்தது. பொலித்தீன் வயிறு ஊதி எங்களைத் தூக்கப் பார்த்தது. ஒஸ்வல்ட் அதன்மேல் குப்புற விழுந்து கிடந்தான். "அடிங்க தங்கச்சி, என்னையும் சேத்து அடிச்சிராதீங்க!" என்று கத்தினான். கயிற்றின் நுனி என் கையில் இருந்தது. என் வயதில் உள்ளவர்கள் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், நான் விடவில்லை. நிஹ்லா ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு, ரீப்பைக்கு மேல் ரீப்பையாக அறைந்துகொண்டே போனாள். கடைசி மூலைக்கு வரும்போது மழை கொட்டிவிட்டது.

எல்லாரும் உள்ளே ஓடினோம். மேலே மழை பறை அடித்தது. ஓர் இடத்தில் தொய்வு விழுந்து தண்ணீர் தேங்க, நிஹ்லா கூட்டுகிற தும்புத்தடியால் அதைத் தள்ளிவிட்டாள். கன்றுகள் நனையாமல் நிமிர்ந்து நின்றன. ஒஸ்வல்ட் மேலே அண்ணாந்து பார்த்து, "எங்க கொட்டிலுக்கும் இப்படி ஒண்ணு போடணும்" என்றான்.

மறுநாள் காலை நளீம் வாங்கை எடுத்துப் போக வந்தார். கூடவே ஹாஷிம் ஹாஜியாரும் வந்தார். கூட்டுக்குள் போய்க் கன்று கன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நான் சென்னனா இல்லயா?" என்றார். அவர் என்ன சொன்னார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

அன்ஸாபால் பொறுக்க முடியவில்லை. "ஹாஜியார், அந்த ஆணிய இவ கழட்டிட்டா" என்றான்.

ஹாஜியார் நிஹ்லாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் வாங்கிடம் போனார். ஆணி போன ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் சுண்டு விரலின் நுனியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆணி போனா எனத்த?" என்றார் கடைசியாக. "ராசி ஓட்டைக்குள்ள தங்கிட்டு. அதாலதான் அந்த மழைக்கு ஒண்டும் ஆகல்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நளீம் வாங்கைக் கொண்டு போகும்போது கலியாணச் சீதனம் போலத் துணி சுற்றிக் கொண்டு போனார். இப்போது அது அவர் வீட்டு முன் அறையில் இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடுவதில்லை. இப்ஹாம் கட்டாரிலிருந்து பேசினான். "காணி இரிக்கட்டும், நீயே செய்" என்றான். அதோடு, "ஹாஜியாருக்கு என்ட ஸலாத்தையும் செல்லு" என்றான். நிஹ்லா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. போன கிழமை பக்கத்து ஊரிலிருந்து பொலித்தீன் கூடு போடுகிற இரண்டு பெண்கள் வந்து நிஹ்லாவின் வாசலில் நின்றார்கள். "தாத்தா, எங்கட வேல தொடங்கப் போறம். ஒரு ஆணி அடிச்சி வெச்சீக்கி. நீங்க வந்து கழட்டித் தந்தா நல்லம்" என்றார்கள். தாத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. நிஹ்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீயும் தொடங்கிட்டியா மகள்?" என்று கேட்டேன்.

"அவங்கட பயத்துக்கு ஒரு ஆள் வேணும் மாமா" என்றாள். "நான் போனா காலைலயே போவேன்."

ஆக, இப்போது எங்கள் ஊரில் ஆணி அடிக்க ஒருவர், கழற்ற ஒருவர். அந்த ஆணி யார் கடை ஆணி என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் விற்ற ஆணி எங்கே நின்றாலும் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். நான் அதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

நீங்கள் இதையெல்லாம் வாசித்துவிட்டு, "எங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார்" என்று பக்கத்து வீட்டைப் பார்ப்பீர்கள். பாருங்கள். ஆனால் போன முறை வீட்டில் மின்சாரம் போய், எல்லாரும் இருட்டில் இருந்தபோது, நீங்கள் எழும்பிப்போய் லைட் சுவிட்சை ஒரு தடவை தட்டினீர்கள், அந்த நேரம் பார்த்து ஊருக்கே வெளிச்சம் வந்தது அல்லவா? அப்போது திரும்பி நின்று வீட்டாரைப் பார்த்து நீங்கள் என்ன சொன்னீர்கள்?